முட்டிக்குச் சாட்சி

மார்த்தா: அந்த மைலோ டின்ன மொதல்ல கட்டிலுக்கு அடியில தள்ளுங்கப்பா.

பாக்கியசாமி: இரும்மா. இன்னும் எடது காலு பாக்கி.

மார்த்தா: அவங்க வர்ற நேரம்லா.

பாக்கியசாமி: வரட்டுமே. டின்னுல மண்ணுதானே இருக்கு. கஞ்சாவா வச்சிருக்கேன்?

மார்த்தா: பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க? மாத்திரை சாப்பிட்டு நல்லாயிட்டேன்னு நடந்து காட்டின மனுசன், கால்ல மண்ணு டின்னக் கட்டிக்கிட்டு தூக்கித் தூக்கி எறக்கறாரேன்னு…

பாக்கியசாமி: இதுனாலதான் கொஞ்சமாவது முடியுது. ஆஸ்பத்திரியில அந்த மலாய்க்காரப் பொண்ணு சொல்லிக் கொடுத்தது. தொடைச் சதைக்குப் பலம் வந்தா முட்டிக்குப் பாரம் கொறையுமாம். சோத்தக் கொறைச்சேன். குந்தி உக்காரறத விட்டேன். அதுக்கப்புறந்தான் ராத்திரியில கொஞ்சம் கண்ணு மூடுறேன்.

மார்த்தா: எனக்குத் தெரியாதா? ஆனா காலத் தூக்கறத பாட்டில்ல போட்டு விக்க முடியுமாப்பா?

பாக்கியசாமி: … முடியாதுதான்.

மார்த்தா: கைத்தடி எங்க?

பாக்கியசாமி: கதவுக்குப் பின்னால.

மார்த்தா: அத ரூமுக்குள்ள வைக்கிறேன். சன்னலத் தொறங்க. வீடு பூரா தைல வாசம்.

பாக்கியசாமி: இது வீடா, போலீசுக்குப் பயந்த சம்சு சாராயக் கடையா?

மார்த்தா: சிரிக்காதீங்க. கைலிய மாத்துங்க. நீளக் கால்சட்டை போட்டுக்குங்க. வீக்கம் தெரியுது.

பாக்கியசாமி: யாரு வர்றான்னு இப்பவாவது சொல்லு.

மார்த்தா: காலையில சொன்னேனே. ருக்குமணி ஆன்ட்டி. தாசேக் கெலுகோர்லருந்து வர்றாங்க. போன மாசம் மாத்திரைக் கூட்டத்துக்கு மண்டபத்துல மொத வரிசையில இருந்தாங்களே. பச்சைச் சேலை. காலு ரெண்டும் வில்லு மாதிரி…

பாக்கியசாமி: நான் நடந்தப்ப எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு பொம்பளை மட்டும் தட்டாம உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுவா?

மார்த்தா: அவங்கதான்.

பாக்கியசாமி: மாத்திரை வாங்குச்சா?

மார்த்தா: வாங்கினாங்க.

பாக்கியசாமி: வாங்கிட்டுப் போன பொம்பளைக்கு இன்னைக்கு இங்க என்னா வேலை?

மார்த்தா: உங்களப் பக்கத்துல பாக்கணுமாம். வாசல்லருந்து சன்னல் வரைக்கும் நடந்து திரும்புங்க, போதும். பேச வேணாம். பேச்ச நான் பாத்துக்கிறேன்.

பாக்கியசாமி: என்னா பேசுவே? இறால் ஓட்டுக் கதையா?

மார்த்தா: அது கதை இல்லப்பா. குளுக்கோசமின். இறால், நண்டு ஓட்டுலருந்துதான் எடுக்கறாங்க. தேஞ்ச மூட்டுக்கு உள்ள…

பாக்கியசாமி: ஓட்டுலருந்து எடுத்ததத் தின்னா முட்டி வளரும்னா, இறால் போட்ட மீ ஊடாங் தின்ன பினாங்குக்காரன்லாம் இந்நேரம் குதிரை ரேசுல ஓடணும்.

மார்த்தா: சில பேருக்குக் கேக்குதுப்பா. மூணு பேரு போன் பண்ணிச் சொன்னாங்க.

பாக்கியசாமி: சில பேருக்குக் கேக்கும்னு சொல்லி விக்கலாமே. அதுக்கு என்னா கேடு?

மார்த்தா: சில பேருக்குன்னா யாரும் வாங்க மாட்டாங்க. அப்படிப் பாக்காதீங்க. நான் என்னா ஆசைப்பட்டா பேக்டரிய விட்டேன்? லைனையே சீனாவுக்குத் தூக்கிட்டாங்க. சின்ன வயசுலருந்து மைக்ரோஸ்கோப்புல பாத்துச் சிப்புக்குக் கம்பி ஒட்டி ஒட்டிக் கண்ணு போனதுதான் மிச்சம். பாயான் லெப்பாஸ்ல ஒவ்வொரு பேக்டரி கேட்டா ஏறி எறங்கிட்டேன். கண்ணு டெஸ்டுலயே அனுப்பிடறாங்க.

பாக்கியசாமி: உன்னக் கொறை சொல்லல.

மார்த்தா: சொல்லாமதான் சொல்றீங்க.

பாக்கியசாமி: ஹார்பர்ல மூட்டை தூக்கினப்ப, பாக்கியசாமி சொன்னா எடை சரியா இருக்கும்னு சீனன் தராசுல வைக்காமலே வாங்குவான். அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு.

மார்த்தா: அதுக்காகத்தானே உங்கள நடக்கச் சொன்னேன்.

பாக்கியசாமி: தெரியும்.

மார்த்தா: நீங்க ஒரு பொய்யும் சொல்லலியே. வாயே தொறக்கல. நடந்தீங்க, அவ்வளவுதான்.

பாக்கியசாமி: மாதா கோயில்ல அப்படித்தானே. காய்ச்சல் போனவன், கண்ணு வந்தவன், எந்திரிச்சு முன்னால நிப்பான். அவன் வாயத் தொறக்கவே வேணாம், சனம் அழும். நம்ம ஆளுங்களுக்கு ஒருத்தன் நின்னா போதும், அது சாட்சி. அங்க வந்தவங்கள்ல பாதிப் பேரு நம்ம கோயில் சனம்.

மார்த்தா: ருக்குமணி ஆன்ட்டி நம்ம கோயில் இல்ல.

பாக்கியசாமி: முட்டி எல்லாச் சாமிக்கும் ஒண்ணுதான். என்னா வேலை பாக்குது?

மார்த்தா: மொதல்ல ரப்பர்த் தோட்டத்துல பால்மரம். இப்ப எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்கறாங்க. நாள் பூராக் குந்திக்கிட்டே போகணும். அதான் முட்டி அப்படி ஆயிருச்சு. டாக்டரு அறுக்கணும்னுட்டாரு…

பாக்கியசாமி: அறுக்கணும்னாரா?

மார்த்தா: ஆமா… பெரிய ஆஸ்பத்திரியில தேதி கொடுத்திருந்தாங்களாம்.

பாக்கியசாமி: கொடுத்திருந்தாங்களாம்னா? எப்பத் தேதி?

மார்த்தா: போன வாரம்.

பாக்கியசாமி: போன வாரம் அறுத்த பொம்பளை இன்னைக்கு பெர்ரி ஏறி எப்படி வரும்?

மார்த்தா: … போகல. வேணாம்னு சொல்லிட்டாங்க.

பாக்கியசாமி: ஏன்?

மார்த்தா: எனக்கு எப்படித் தெரியும்? அவங்க காலு, அவங்க இஷ்டம்.

பாக்கியசாமி: மார்த்தா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. என்னப் பாத்துட்டா வேணாம்னுச்சு?

மார்த்தா: நான் வேணாம்னு சொல்லச் சொல்லல. மாதா சத்தியமா.

பாக்கியசாமி: நீ சொல்லல. நான் நடந்தேன்.

மார்த்தா: அப்பா, கால்சட்டை…

பாக்கியசாமி: கால்சட்டை கெடக்கட்டும். உக்காரு. அன்னைக்கு நான் நடந்தது எப்படின்னு உனக்குத் தெரியுமா?

மார்த்தா: வேணாம்ப்பா. இப்ப வேணாம்.

பாக்கியசாமி: அதுக்கு மொத நாளு சாமான் வாங்க பாசார் போறேன்னுட்டுப் போனேன். பாசாருக்குப் போகல. கிளினிக்குக்குப் போயி…

மார்த்தா: தெரியும்.

பாக்கியசாமி: என்னா தெரியும்?

மார்த்தா: நீங்க தூங்கறப்ப பாத்தேன். முட்டி ஓரத்துல சின்ன வட்டப் பிளாஸ்டர். ரெண்டு முட்டியிலயும்.

பாக்கியசாமி: ஏன் கேக்கல?

மார்த்தா: கேட்டா சொல்லிருவீங்கன்னுதான். யாரோ வர்றாங்க. படியில சத்தம். அப்பா, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். இந்த ஒரு தடவை மட்டும்.

பாக்கியசாமி: கதவத் தொற. பாவம், நிக்கப் போவுது.

மார்த்தா: வாங்க ஆன்ட்டி, வாங்க. மெதுவா…

ருக்குமணி: இரு பிள்ளை… மூச்சு வாங்குது. லிப்டு கீழ் மாடியிலயே நின்னு போச்சு.

பாக்கியசாமி: எங்க லிப்டு எல்லா மாடியிலயும் நிக்காது தங்கச்சி. கட்டினவனுக்கு முட்டி நல்லா இருந்திருக்கு. அந்த ஒசந்த நாற்காலியில உக்காரு. இதுல உக்காந்தா எந்திரிக்க முடியாது.

ருக்குமணி: நல்லா இருக்கீங்களாண்ணே?

மார்த்தா: அவருக்கு என்னா ஆன்ட்டி, காலையில கீழ போயி ரொட்டி வாங்கிட்டு வந்தாரு. அப்பா, ஆன்ட்டிக்குத் தண்ணி எடுத்துட்டு வாங்களேன்.

பாக்கியசாமி: நீ எடு.

மார்த்தா: நான் பாட்டில்லாம் எடுத்து வைக்கணும்ப்பா. நீங்கதான் சும்மா…

பாக்கியசாமி: ரூமுக்குள்ள என் தடி இருக்கு. அத எடுத்துட்டு வா, நான் போயி தண்ணி எடுக்கறேன்.

மார்த்தா: அப்பா.

ருக்குமணி: விடு பிள்ளை. எனக்குத் தாகம் இல்ல.

பாக்கியசாமி: தங்கச்சி, என்னைய நடக்கச் சொல்லி நீ கேக்குமுன்ன நானே சொல்லிடறேன். தடி இல்லாம நான் அடுப்படி வரைக்கும் போறதில்ல. ரொட்டி வாங்கிட்டு வந்தது பக்கத்து வீட்டு ஹனீபா.

மார்த்தா: இன்னைக்கு அவருக்குக் கொஞ்சம் முடியல ஆன்ட்டி. நேத்து மழைக் குளிரு…

பாக்கியசாமி: மழையுமில்ல, குளிருமில்ல. மண்டபத்துல நடந்தது ஊசியில. மொத நாளு போயி ரெண்டு முட்டியிலயும் குத்திக்கிட்டு வந்தேன். என் பிள்ளை கேக்கல. நானாத்தான் போனேன். மேடையில விழுந்துட்டா அவளுக்கு அவமானம்னு போனேன். அந்த டாக்டரு நல்ல மனுசன். இது சும்மா வலிய மறைக்கறதுதான், அடிக்கடி வந்தா மிச்சம் இருக்கற மூட்டும் கரைஞ்சிரும்னு சொன்னாரு. ஊசி வேகம் எறங்கினதும் வலி திரும்பிருச்சு. கொஞ்ச நாளு முன்னவிட மோசம்.

மார்த்தா: போதும்ப்பா.

பாக்கியசாமி: கட்டிலுக்கு அடியில ஒரு டின்னு இருக்கு பாரு, அதான் என் மருந்து. மண்ண ரொப்பிக் கால்ல கட்டித் தூக்கறது. வயித்தக் கொறைக்கறது. எனக்குக் கொஞ்சம் தேவலை. ஆனா உன் காலு இதத் தாண்டிருச்சு தங்கச்சி. நீ ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போ. கை கால்ல விழுந்தாவது வேற தேதி கேளு. என்னப் பாத்து விட்டதா இருந்தா… என்னப் பாக்காத.

ருக்குமணி: உங்களப் பாத்துத்தாண்ணே விட்டேன்.

பாக்கியசாமி: அதத்தான் சொல்றேன். அது பொய்.

ருக்குமணி: பொய்யின்னு தெரியும்.

பாக்கியசாமி: என்னா?

ருக்குமணி: அன்னைக்கே தெரியும். நானும் இந்த முட்டிய வச்சுக்கிட்டு எத்தினி வருசமா மல்லுக்கட்டறேன். நீங்க திரும்பறப்ப புடிச்சுக்க நாற்காலிப் பக்கம் கையே போகல. நல்லா ஆனவனுக்குக்கூட பழக்கத்துல கை போகும். மரத்துப் போன காலுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். ஊசியா, வலி மாத்திரையான்னுதான் தெரியல.

பாக்கியசாமி: தெரிஞ்சுமா தேதிய விட்டே? பைத்தியமா உனக்கு?

மார்த்தா: ஆன்ட்டி, நீங்க கெளம்புங்க. நான் கீழ வரைக்கும் கூட வர்றேன்.

ருக்குமணி: நீ உங்கப்பாகிட்ட சொல்லலியா பிள்ளை?

மார்த்தா: ஆன்ட்டி…

பாக்கியசாமி: என்னா சொல்லல?

ருக்குமணி: நானும் மாத்திரை விக்கச் சேந்துட்டேண்ணே, உங்க மகளுக்குக் கீழ. எனக்குக் கீழ எங்க தோட்டத்துப் பொம்பளைங்க, எல்லாம் உதிரி பொறுக்கறவங்க. அறுத்துக் கட்டுப் போட்ட காலோட போயி நின்னா ஒரு பாட்டிலாவது போகுமா? அதான் ஆஸ்பத்திரிய விட்டேன். ஞாயித்துக்கெழமை தோட்டத்து மண்டபத்துல நான்தான் நடந்து காட்டணும்… அந்த ஊசி டாக்டரு சனிக்கெழமை தொறப்பாரா?