டெல்மருக்கு ஒரு கைக்கருவி

வீட்டுக்காரருக்குப் பரிசு வாங்குவது லேசான வேலை இல்லை. சட்டை வாங்கினால் பீரோவுக்குள் போய்விடும். புத்தகம் வாங்கினால் ஆடுகிற நாற்காலிக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வாங்கிக் கொடுத்து டெல்மர் ஆசையாகக் கையிலேயே வைத்துக்கொண்டது ஒரே ஒரு சாமான்தான். அதைப் பற்றித்தான் நீங்களும் கேட்க வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள் தம்பி. தொப்பியை மேஜை மேலேயே வைக்கலாம், மேஜையை நன்றாகத் துடைத்துவிட்டேன்.

பேனாவை எடுங்கள். "எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம், சும்மா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வாசலிலேயே சொன்னீர்கள். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் இப்படிச் சொல்லலாமா? எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஆற அமரச் சொல்கிறேன். மே மாதத்திலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அதனால் நடுவில் சிரித்துவிட்டால் அதை எழுத வேண்டாம்.

கூடத்தில் ஒரு மான் தலை மாட்டியிருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ரெட் கூலி என்கிற இந்த ஊர்த் துப்பாக்கி கிளப்பின் மே மாதப் போட்டியில் ஜெயிக்கிறவர் வீட்டில் அது ஒரு வருஷம் தொங்கும். கீழே பித்தளைத் தகட்டில் ஜெயித்தவர் பெயரை வெட்டுவார்கள். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தத் தலை எங்கள் வீட்டைவிட்டுப் போனதே இல்லை. அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. ஏனென்றால் டெல்மர் முதல், நான் இரண்டாவது. எல்லா வருஷமும் அதே வரிசைதான். ஒரு புள்ளி, மிஞ்சிப்போனால் இரண்டு புள்ளி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பார்களே, அதை நான் மே மாதந்தோறும் அனுபவித்தேன். மானின் மூக்கைத் தூசி தட்டுவது நான், தகட்டில் இருக்கும் பெயர் அவருடையது.

"தட்டறதோட சேத்து என் பேரையும் கொஞ்சம் பளபளன்னு தேய்ச்சுடு கெழவி" என்பார்.

"தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சே புடறேன் பாரு கெழவா" என்பேன்.

இரண்டு பேரும் சிரிப்போம். நல்ல மனுஷன் தம்பி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பெயர் அந்தத் தகட்டில் ஒருமுறை ஏறவேண்டும், அவ்வளவுதான் என் குறை. எனக்கு எழுபத்தொரு வயது.

இனி அந்தச் சாமானுக்கு வருகிறேன். போட்டிக்குப் போகிற யாரும் இங்கே கடைத் தோட்டாவைச் சுடுவதில்லை. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, சுத்தம் செய்து, வெடிமருந்தும் குண்டும் திரும்ப அடைத்துத்தான் சுடுவோம். உங்கள் அப்பாவும் செய்தவர்தான், இருந்தாலும் எழுதுவதற்காகச் சொல்கிறேன். கூட்டின் அடியில் உளுந்து அளவுக்கு ஒரு மூடி இருக்கும். பிரைமர் என்போம். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால்தான் மருந்து பற்றும். பற்றியபிறகு அது சொத்தைப் பல் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதைக் குத்தி வெளியே தள்ளுவதுதான் முதல் வேலை. டெல்மர் அதற்கு ஒரு கம்பியும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு கராஜில் உட்கார்ந்து டொக் டொக்கென்று தட்டுவார். போன இலையுதிர் காலத்தில் அந்தக் கம்பி வளைந்துபோனது.

டெல்மர் ஒரு சாமானைத் தேர்ந்தெடுப்பதற்குள் பனி விழுந்து உருகிவிடும். சூப் குடிக்கும்போதும் அதே பேச்சு, படுக்கப் போகும்போதும் அதே பேச்சு.

"மேஜையில முடுக்கற மாதிரி வாங்கறதா, கையில பிடிக்கற மாதிரியா? நீ என்ன சொல்ற ஆர்டிஸ்?"

"எத வாங்கினாலும் மே மாசம் நீதான் ஜெயிக்கப் போற. எனக்கென்ன வந்துச்சு."

அவர் பிறந்தநாள் நவம்பரில் வருகிறது. தொல்லை விடட்டும் என்றுதான் நான் லைல் கடைக்குப் போனேன். லைல்தான் கிளப் செக்ரெட்டரி, ஊரில் துப்பாக்கிச் சாமான் கடையும் அவனுடையது. கண்ணாடி மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று மேஜையில் முடுக்குகிறது, தள்ளின மூடியும் தூசியும் ஒரு குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் போய்விடும். இன்னொன்று பாக்குவெட்டி மாதிரி இருந்தது. கையில் பிடித்து அமுக்கினால் போதும், எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம்.

"கைக்கு சொகமா இருக்கும். ஆனா இது தொறந்த வாய். கரித்தூசி மடியில கொட்டும், அதுல ஈயம் இருக்கு. வெளிய வெச்சுத்தான் பண்ணணும்னு டெல்மர்கிட்ட சொல்லு. கையுறை போடணும். கை கழுவாம ஒண்ணும் வாயில வெக்கப்படாது."

"வெச்சா?"

"கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல ஏறும். வயிறு வலிக்கும், சுள்ளுனு கோவம் வரும், கை நடுங்கும்."

"கை நடுங்குமா?"

"நடுங்கும். எதுக்கு சிரிக்கற?"

"நீ வெவரமா சொல்ற அழகுக்குத்தான். பாக்குவெட்டியவே குடு. நீல ரிப்பன் கட்டிக் குடு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் பாலும் கற்கண்டு போட்ட பால். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது பாடிக்கொண்டே வந்தேன். நான் பாடினால் நாய்கூட எழுந்து போய்விடும், அப்படிப்பட்ட குரல். அன்றைக்கு வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். கராஜில் இருந்த ஹீட்டர் பழுதாகிவிட்டது. நான்தான் பழுதாக்கினேன். மொன்டானாவில் டிசம்பர் மாதம் ஹீட்டர் இல்லாத கராஜில் யார் உட்காருவார்கள்? டிவிக்கு முன்னால் அவருடைய சாய்வு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியும் போட்டேன். லைல் இலவசமாகக் கொடுத்த கையுறை ஜோடியை அடுப்படி துடைக்க எடுத்துக்கொண்டேன். நல்ல கையுறை, இன்னும் கிழியவில்லை. நாயை என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கம்பளத்தில் புரண்டு உடம்பை நக்குகிற பிராணி, அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு தாங்காது.

"இத்தன வருஷமா கராஜுக்குத் தொரத்தின. இப்ப என்ன திடீர்னு பாசம்?" என்று கேட்டார்.

"வயசாகுது கெழவா. பக்கத்துல இரு."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஒன்னோட கூட்டையும் கொண்டா, நானே தள்ளித் தரேன். ஒனக்கு எதுக்கு கை வலி" என்றார். கரும்பு தின்னக் கூலியா? வாளியோடு கொண்டுவந்து கொட்டினேன்.

சமையலையும் கொஞ்சம் மாற்றினேன். கரண்டி, முள்கரண்டி பிடித்துச் சாப்பிடுகிற எதையும் செய்யவில்லை. லெஃப்சா ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தருவேன். வறுத்த கோழிக்கால், டோனட், ஒரு கிண்ணம் சோளப்பொரி. பத்துக் கூடு தள்ளுவார், ஒரு வாய் தின்பார். கறுத்துப்போன விரலையும் சேர்த்து நக்கிக்கொள்வார். நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு. அவ்வளவு ருசியாக நான் சமைத்ததே இல்லை என்று சர்ச்சில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜனவரியில் வயிறு வலித்தது. பிப்ரவரியில் சுள்ளென்று கோபம் வர ஆரம்பித்தது, தபால்காரரோடு சண்டை போட்டுவிட்டு அரைமணி கழித்து எதற்கென்று தெரியாமல் விழித்தார். மார்ச்சில் ஒரு காலை காபிக் கோப்பையைத் தூக்கினார். சாஸர்மேல் அது கிணுகிணுவென்று ஆடியது. நான் சட்டென்று திரும்பிப் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். தோள் இரண்டும் குலுங்குகின்றன, என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்து வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழாத ஆர்டிஸ். வயசான கை அப்படித்தான் ஆடும். நான் எங்கயும் போயிட மாட்டேன்."

நான் அழவில்லை தம்பி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். கொல்லவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வேண்டியது கொஞ்சம் நடுக்கம், விருந்தில் ஊறுகாய் அளவுக்கு. போட்டி முடிந்ததும் அந்தப் பாக்குவெட்டியைக் குளத்தில் எறிந்துவிடுவது, அவருக்கு நிறையப் பாலும் கீரையும் கொடுத்துத் தேற்றிவிடுவது என்று தீர்மானமாகவே இருந்தேன்.

போட்டி நாள் நல்ல வெயில், காற்றே இல்லை. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டார். போட்டுவிட்டேன். எனக்கு வாயெல்லாம் பல். என் ஆயுளில் அப்படிச் சுட்டதில்லை. கடைசிச் சுற்றில் அவர் சாதாரணமாக ஒரு குண்டை உள்வட்டத்தில் போட்டால் போதும், பழைய கதைதான். மணலில் குப்புறப் படுத்து வெகுநேரம் குறி பார்த்தார். என் பக்கம் ஒருமுறை திரும்பினார், பிறகு சுட்டார். குண்டு வட்டத்திலேயே இல்லை, காகிதத்தின் மூலையில் போய் நின்றது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த லைல், "என்னப்பா டெல்மர், பக்கத்து ஊருக்கா சுட்ட?" என்று கேட்டான்.

"கை நடுங்கிடுச்சு" என்றார் டெல்மர்.

இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். அவர் வாயாலேயே சொன்னார். பிறகு முழங்காலை ஊன்றி எழுந்து வந்து, "சாய்ச்சுப்புட்டியே கெழவி" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு கிளப் விருந்தில் நான் லைலோடு ஆடினேன், பாதிரியாரோடு ஆடினேன், யாரும் கிடைக்காதபோது தனியாக ஆடினேன். தகட்டில் 'ஆர்டிஸ் ஹாகன்' என்று வெட்டி வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாளைக்குப் பலமுறை கூடத்துக்குப் போய்வந்தேன். இப்போதும் போகிறேன்.

பாக்குவெட்டியை எறியத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு தடவை ஜெயித்தால் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். அடுத்த மே மாதமும் வருமல்லவா? அதனால் ஜூனிலும் ஜூலையிலும் லெஃப்சா சுருட்டிக் கொடுத்தேன். ஆகஸ்டில் மளிகைக் கடையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் விழுந்தார். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஈயம் என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். இந்த வாரம் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டரம்மா சொன்னார். லைலுக்கு நான் கடையில் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறான். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது நீங்கள் வந்து இந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு, டெல்மர் சொன்னதாக என்னவோ சொல்கிறீர்கள். "அவ மேல தப்பில்ல. கையுறை போடு போடுன்னு தெனம் கத்துவா, நாந்தான் கேக்கல" என்றாராம். நான் ஒருநாளும் கத்தியதில்லை. அதுகூடப் போகட்டும், கட்டிலில் கிடக்கிற மனுஷன் பெண்டாட்டிக்காக ஒரு பொய் சொல்கிறார். அதற்குமேல் இன்னொன்று சொன்னாராமே. "கடைசிக் குண்ட வேணும்னேதான் ஓரத்துல விட்டேன். ஒரு தடவயாவது அவ பேரு ஏறட்டும்னு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத தம்பி." நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது.

அது மட்டுமா, லைலிடமிருந்து கடைசிச் சுற்றில் டெல்மர் சுட்ட காகிதத்தையும் வாங்கி வந்து விரித்துக் காட்டுகிறீர்கள். நடுவில் நான்கு குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாக இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் மூடிவிடலாம். ஐந்தாவது மூலையில் இருக்கிறது. "நடுங்கற கை இப்டி சுடாது மேடம். ரைஃபிள் பிடிச்சா அவருக்கு நடுக்கமே வரல. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல" என்கிறீர்கள். நல்ல பிள்ளை நீங்கள். ஆனால் உங்களுக்குச் சுடுவதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நடுக்கம் என்ன ரயிலா, சொன்ன நேரத்துக்கு வருவதற்கு? நான்கு குண்டுவரை வரவில்லை, ஐந்தாவதில் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவர் குணமே இதுதான். கையில் ஊசி குத்தி, குழாய் சொருகிக் கிடக்கும்போதுகூட என் ஜெயத்தைத் தன்னுடையதாக்கப் பார்க்கிறார். என்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறாராமே. நான் போகப் போவதில்லை. போனால் என் வாய் சும்மா இருக்காது, வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டுவிடுவேன். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது.

பேனாவை ஏன் மூடுகிறீர்கள்? திறந்து எழுதுங்கள். ஹீட்டரைக் கெடுத்தது நான். கையுறையை எடுத்தது நான். ஈயம் என்று தெரிந்தே, அவர் கையால் அவருக்கே ஊட்டினேன். ஒரு குளிர்காலம் முழுவதும் ஊட்டினேன், ஜெயித்த பிறகும் ஊட்டினேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்போதே வருகிறேன், கோட்டு வாசலில்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தார் என்று மட்டும் இந்த ஊரில் யாரும் பேசக்கூடாது. யாரும் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை தம்பி. நான் நியாயமாக ஜெயித்தேன்.