திருச்செல்வத்தோட மோட்டார் ஜாக்கெட்டு

சிரிக்கலம்மா நிக்கோல், இருமல்தான். நீ போனக் காட்டு, அடுத்த படத்தத் தள்ளு. ஜாக்கெட்டு எங்கயும் போயிராது, ரூம்ல அலமாரிக்குள்ளதான் இருக்கு. குடுக்கறதா வேணாமான்னு அப்புறம் பாப்போம். செத்துப்போன மனுஷன் போட்டுக்கிட்டிருந்தது, என் வீட்டுக்காரரோடது, அத வந்து காலேஜு உடுப்பு டிசைன் பரீட்சைக்கு வேணும்னு கேக்கறே. எதுக்கு என்னன்னு கேக்காம எடுத்துக் குடுத்துருவாங்களா? உங்கம்மாவும் நானும் ஃபேக்டரியில ஒரே லைன்ல பதினாலு வருஷமா பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வேலை செய்யறோம், சூசையம்மா முகத்துக்காகத்தான் ஒன்ன உக்கார வச்சுப் பேசறேன். அந்தத் தே ஓவக் குடி, பாலும் இல்ல, சீனியும் கொறச்சுதான் போட்டேன்.

அதென்ன பேரு சொன்னே? சைபர்பங்க். சரி. அதாவது, வருங்காலத்துல ஊரு பூரா மிஷினு, கம்ப்யூட்டரு, பில்டிங்கு ஒசரத்துக்கு லைட்டு. ஆனா ஜனங்க மட்டும் ஒண்ணுமில்லாம அல்லாடிக்கிட்டு இருப்பாங்க. அவங்க போடற உடுப்பு இது. அப்படித்தானே? இதச் சொல்லிக் குடுக்க ஒரு லெக்சரரு வேற. வருங்காலமாம்லா. கூலாய்லேர்ந்து விடியக்காலம் நாலரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி சிங்கப்பூர் பாலத்துக்குப் போயிப் பாக்கச் சொல்லு அவர.

நீ வரைஞ்ச இந்தப் பொண்ணு ஏன் மூக்கு வாயெல்லாம் மூடிக்கிட்டு மொறைக்குது? அழகுக்கா. தாடைக்குக் கீழ ஊதா லைட்டு ஒட்டியிருக்கியே, கண்ணு கூசாதா அதுக்கு? இந்தச் சிலுவார்ல எத்தன வாரு தொங்குது பாரு. பக்கிளு இருக்கு, பக்கிளுக்கு மேல பக்கிளு, ஒண்ணாவது எதையாவது புடிச்சு நிறுத்துதா? வேலைக்குப் போற எவனும் வார இப்படித் தொங்க விடமாட்டான். மிஷின்ல மாட்டுச்சுன்னா காலோட போயிரும். முட்டியில வேற கிழிச்சு விட்டிருக்கே. புதுத் துணிய வாங்கி, உக்காந்து மெனக்கெட்டுக் கிழிக்கப் போறியா? அலமாக்.

கோவிச்சுக்காத. கேட்டே, சொல்றேன். நல்லாருக்கு ஆன்ட்டின்னு சொல்றதுக்கு ஒனக்கு வேற ஆளு இருக்கும்.

நில்லு, நில்லு. இது என்னா, கையில பட்டை கட்டி ஒயரு தொங்குது? மனுஷன மிஷினோட சேத்து வச்ச மாதிரி ஒரு ஐடியாவா. இது ஒன்னோட சொந்தக் கற்பனையா? அடிப் பைத்தியமே, ஒங்கம்மாவக் கேக்கலயா நீ? தெனமும் காலையில கம்ப்யூட்டர் சிப்பு செய்யற ரூமுக்குள்ள போனதும் எங்க எல்லாருக்கும் மணிக்கட்டுல பட்டை மாட்டி, அதுலேர்ந்து ஒயர எடுத்து மேசையில குத்தி விட்டுருவாங்க. ஒடம்புல இருக்கற கரண்டு பட்டா சிப்பு கெட்டுப்போயிருமாம். ஒண்ணுக்குப் போகணும்னாகூட ஒயரக் கழட்டிட்டுத்தான் எந்திரிக்கணும். தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, கண்ணு மட்டுந்தான் தெரியும். பதினாலு வருஷத்துல ஒங்கம்மாவோட வாய நான் கேன்டீன்லதான் பாத்திருக்கேன். ஒனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வரும்போது அவங்க சாதாரணமாத்தான் வருவாங்க, நீ எப்படிப் பாத்திருப்பே. ஒன்னோட வருங்காலம் ஒங்க வீட்டுக் குசினியிலதான் சோறு வடிக்குது, போயிப் பாரு.

அழப்போறியா என்ன? ச்சே, அதுக்குச் சொல்லல. எனக்கு வாய் அப்படி. எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொல்லுவாரு. எங்க அம்மா ரெங்கத்துல தோட்டத்துல வேலை வாங்கற மண்டோர எதுத்துப் பேசி ரெண்டு வாட்டி வேலைய வுட்டவங்க, அந்த ரத்தம்.

சரி, கடைசிப் படம். அதுலதான் ஜாக்கெட்டு வருதா, காட்டு.

ம்.

இதத் திருப்பிப் போட்டிருக்கே.

இல்ல, தப்புன்னு சொல்லல. எங்க பாத்தே இத? பஸ்ஸுல வரும்போதா. ஆமா, பாலத்துல மோட்டார்ல போறவங்க பாதிப் பேரு இப்படித்தான் மாட்டியிருப்பாங்க, முன்பக்கம் முதுகுல, முதுகு முன்னால. ஒனக்கு அது ஸ்டைலாத் தெரிஞ்சிருக்கு. ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல. ஜிப்பு முன்னால இருந்தா இடுக்கு வழியா காத்து ஏறும். ஒரு மணி நேரம் நெஞ்சுல காத்து வாங்கினா வேலைக்குப் போயி இருமிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். திருப்பிப் போட்டா காத்தும் ஏறாது, தூத்தலும் ஏறாது. எறங்கினதும் கைய உருவினா போச்சு. மலேசியாவுல மோட்டார் ஓட்டற எவனுக்கும் இத யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

நெஞ்சுல ரெண்டு கோடு வெள்ளையா வரைஞ்சிருக்கியே, அது என்னா? லைட்டு பட்டா மினுங்கற பட்டை. நீயும் அதையேதான் வரைஞ்சிருக்கே. மேடையில லைட்டு போட்டா பளபளன்னு நெஞ்சு மட்டும் தெரியும், ஆளு தெரியாது. அது நல்லாருக்கும்னு நெனச்சே. சரி, அந்தப் பொண்ணோட முதுகு எங்க? பின்னால பாத்தா எப்படி இருக்கும்?

வெறும் கறுப்பு.

ஏன்னா கேக்கறே? இரு, சொல்றேன். தண்ணி குடிச்சிக்கறேன்.

அவரு ஜாக்கெட்டுல அந்தப் பட்டை நான் தைச்சது. ஃபேக்டரியில பழைய சேஃப்டி வெஸ்டு தூக்கிப் போட்டாங்க, அதுலேர்ந்து பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். முதுகுல ரெண்டு வரிசை, கையால தைச்சேன், மிஷின்ல ஊசி ஒடைஞ்சிருச்சு. கப்பல் பட்டறை வேலைக்குப் போற ஆளு, இருட்டுல போயி இருட்டுல வர்ற ஆளு, பின்னால வர்ற லோரிக்காரன் கண்ணுல படணுமேன்னு. அவரு ஜாக்கெட்ட ஒழுங்காத்தான் போடுவாரு. ஊரே திருப்பிப் போடும், இவரு மட்டும் போடமாட்டாரு. கஸ்தூரி தைச்சது பின்னாலதான் இருக்கணும்பாரு.

அந்த வாரம் அவருக்குச் சளி. ராத்திரி பூரா இருமல், எனக்கும் தூக்கம் போச்சு. காலையில வெளிய தூத்தல் வேற. லீவு போடுங்கன்னேன், கேக்கல. அப்பத் திருப்பியாவது போட்டுக்கிட்டுப் போங்கன்னேன். பட்டை முன்னால போயிருமேன்னாரு. அவரேதான் சொன்னாரு, நான் ஒண்ணும் கட்டிச் சொல்லல. எதுத்தாப்புல வர்றவனுக்கு அழகு காட்டவாடின்னு கேட்டாரு. எனக்கு எரிச்சல். ஒரு நாளைக்குத்தானே, பேசாமத் திரும்பி நில்லுங்கன்னேன். திரும்பி நின்னாரு. நாந்தான் பின்னாலேர்ந்து ஜிப்ப ஏத்தி விட்டேன், கழுத்து வரைக்கும்.

டோல்கேட்டு தாண்டறதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. பின்னாலேர்ந்து லோரி.

ஆஸ்பத்திரியில கழட்டி பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தாங்க. எப்படிப் போட்டிருந்தாருன்னு கழட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்கள யாரு கேட்டா. மோட்டாரோட பின் லைட்டு தூளாயிருச்சு, எரிஞ்சுச்சா எரியலயான்னு போலீசாலயும் சொல்ல முடியல. லோரி ஓட்டினவன் பேரு அர்ச்சுனன், குளுவாங் பக்கம், ரெண்டு பிள்ளைங்க. முன்னால ஒண்ணுமே மினுங்கலன்னு கோர்ட்டுல சொன்னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். இருட்டா இருந்துச்சு, ஒண்ணுமே மினுங்கல. பொய் சொல்றான்னு எங்க சொந்தக்காரங்க அவன அடிக்கப் போனாங்க.

என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. ஜாக்கெட்ட மேசையில விரிச்சு எடுத்த படத்தக் காட்டினாங்க. முதுகு, ரெண்டு பட்டை, பளிச்சுன்னு இருக்கு. இந்தப் பட்டை ஜாக்கெட்டுல இருந்துச்சான்னு கேட்டாங்க. மலாய்ல அடான்னு சொன்னேன், இருந்துச்சுன்னு. இருந்துச்சுதானே? நான் தைச்சது எனக்குத் தெரியாதா? இருந்துச்சு. எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல. வாய் நீளம்னு பேரு எடுத்தவ, அங்க ஒரே ஒரு வார்த்தையோட எறங்கி வந்துட்டேன்.

அர்ச்சுனன் ஜெயிலுக்குள்ள இருக்கான். எட்டு மாசமாச்சு.

நீ ஏன் எந்திரிக்கறே? உக்காரு. ஒன்னத் திட்டறதுக்கு இதச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல இது வரைக்கும், ஒங்கம்மாகிட்டகூட. நீயா வந்து, ஒன் பாட்டுக்கு அத வரைஞ்சு வச்சிக்கிட்டு, நல்லாருக்கா ஆன்ட்டின்னு கேக்கறே.

ஜாக்கெட்டு ஒனக்குக் கெடைக்காதும்மா. பாசார்ல பழசா ஒண்ணு வாங்கிக்க, ஒன் வாத்தியாருக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல. இது அர்ச்சுனன் பொண்டாட்டிக்கு. வெள்ளையம்மான்னு பேரு. ரெண்டு வாட்டி வாசல்ல வந்து நின்னா, நான் கதவத் தொறக்கல. நேத்து நானே போன் பண்ணி ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் அப்பீலாம், லோயர்கிட்ட கொண்டு போவா.

அந்தக் கடைசிப் படத்த மட்டும் என் போனுக்கு அனுப்பி வுடு. அவ வந்து ஒக்காந்ததும் காட்டிருவேன். வாயால சொல்ல ஆரம்பிச்சா அன்னிக்கு மாதிரி அடான்னு நிறுத்திருவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்.