ஆட்குறைப்புக்கு ஆதாரம் இல்லை

"என்னை வேலைய விட்டுத் தூக்குனதுக்கு ஆதாரம் இல்லையாம் மாமே."

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் போனை மூடிவிட்டேன். அவர் கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை மாட்டும் பட்டை தொங்கியது, அட்டையைக் காணோம். பக்கத்தில் தாடி வைத்த நண்பர்.

"யார்ரா சொன்னது?"

"கம்பெனியோட விக்கிப்பீடியா பக்கத்துல, இன்னைக்கு ஆட்குறைப்பு நடந்துச்சுன்னு எழுதினேன். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா அழிச்சிட்டானுங்க."

"அதுல யாரு வேணா எழுதலாமே?"

"எழுதலாம். ஆனா பேப்பர்ல வந்திருக்கணும். சொந்தக் கதை செல்லாது."

"உன் கையில மெயிலு கீதுல்ல?"

"அதுவும் செல்லாதாம்."

"அப்ப பேப்பர்காரன் எழுதற வரைக்கும் நீ வேலையிலதான் கீறே. நாளைக்குக் காலைல குளிச்சிட்டுக் கெளம்பு."

"நக்கலா?"

"பின்ன? போன வருஷம் எங்க டீமையே தூக்கினப்ப நானும் அதே பக்கத்துல இதத்தான் எழுதினேன். எழுத எழுத 'ஆதாரம் இல்லை'ன்னு அழிச்சிகினே இருந்தது யாரு?"

பட்டைக்காரர் பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேனேஜர் சொன்னாரு மாமே. கம்பெனி பேரு கெடக் கூடாதுன்னு."

"ரொம்ப நல்ல மனசு அவருக்கு. இப்ப உன்னோடத அழிச்சது யாரு?"

ஆட்டோ திருமுல்லைவாயலைத் தாண்டும்போது பட்டைக்காரர் பையை இழுத்து மூடினார்.

"என் சீட்டுல புதுசா உக்காந்திருக்கிறவன். எப்படி அழிக்கணும்னு போன வாரம் நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்."