அரசிதழில் வராத பிறை

நான் நன்றாகத் தூங்குகிறவன். அதிபர் மாளிகையின் சட்ட ஆலோசகர்களில் தூக்க மாத்திரை போடாதவன் நான் ஒருவன்தான். மனசாட்சி சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். பயன்படுத்தாத பொருள் அழுக்காகாது என்பாள் என் மனைவி ஸுஹைலா.

வேலை எளிது. அதிபர், "உஸ்தாத், செய்யலாமா?" என்பார். வக்கீல்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "செய்யலாம்" என்பேன். பிறகு அறைக்குப் போய்க் காரணம் தேடுவேன். தேர்தலைத் தள்ளிவைக்கலாமா? செய்யலாம். மைத்துனருக்குத் துறைமுகத்தைக் கொடுக்கலாமா? தாராளமாக. வெட்கமாகத்தான் இருக்கும். வாசலில் அரசாங்கக் கார் வந்து நின்றதும் சரியாகிவிடும்.

மிஸ்பாஹ் உவைதி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சுரங்க வேலைநிறுத்தத்தில் ஒரு சிப்பாய் கல்லடி பட்டு இறந்ததற்காக அவருக்குத் தூக்கு. அவர் கல் எடுத்ததைப் பார்த்தவர் யாருமில்லை. தளபதிகளின் நெருக்கடியில் ரமலான் முப்பதாம் நாள் விடியற்காலை என்று குறித்துவிட்டார்கள். எங்கள் நாட்டில் பெருநாளன்று தூக்குக் கயிற்றைத் தொடக் கூடாது. பெருநாளைக் கண்டுவிட்ட கைதிக்கு அதிபர் உயிர்ப்பிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலையே பிறை தெரிந்துவிட்டது; முப்பதாம் நோன்பே இல்லை, மறுநாளே பெருநாள். நாட்டின் மார்க்கத் தலைவரான முஃப்தி வானொலியில் அறிவித்தார், பீரங்கி முழங்கியது. அதிபர் தொலைபேசியில் சிரித்தார்.

"வாத்தியார் தப்பிச்சிட்டான்யா! தளபதிங்ககிட்ட, என் கையில ஒண்ணுமில்ல, நாளைக்குப் பெருநாள்னு சொல்லிடுறேன். சரிதானே உஸ்தாத்?"

சரிதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சட்டம் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மன்னிக்கணும் ஐயா. அறிவிப்பு அரசிதழ்ல வந்தாத்தான் பெருநாள். இதழ் காலையில எட்டு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் சட்டப்படி ரமலான்தான்."



"இதைச் சொல்லித்தான் ஆகணுமா நீங்க?"

"சட்டம் சொல்லுது ஐயா."

அவர் தளபதிகளுக்குப் பயந்தவர். அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஸுஹைலா இனிப்புத் தட்டோடு வந்தாள். இன்னும் பெருநாள் வரவில்லை என்றேன்.

"ஊரே பார்த்த பிறை உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையாக்கும்?"

"தெரியுது. அரசிதழ்ல இல்ல."

"அப்ப அரசிதழையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கொள்கைக்காரன், மறுநாள் எட்டு மணிவரை நோன்பும் பிடித்தேன்.

பள்ளிவாசல்களில் பெருநாள் தக்பீர் முழக்கம் ஒலித்ததைக் கேட்டு, வாத்தியார் காவலர்களுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னாராம். கதவு திறந்தபோது, மன்னிப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சட்டை மாற்றிக்கொண்டாராம். சலவைச் சட்டையோடுதான் தொங்கினார்.

அதிபர் ஆணையிட்டார், நான் பணிந்தேன் என்று என் மேல் நடக்கும் இந்தக் கொலை வழக்கில் என் வக்கீல் வாதாடுவார். நம்பாதீர்கள். அதிபர் காப்பாற்றத்தான் பார்த்தார். கொன்றது நான். என் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெருநாளன்று கொன்றதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில், சட்டப்படி, இன்னும் ரமலான்தான்.