கம்பத்தில் ஆடிய துணி

1964ஆம் ஆண்டு ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, செஞ்சியில் காற்று வீசவில்லை. ஆடி மாதத்தில் அது அபூர்வம்தான். ராஜகிரிக்கு மேலே மேகம் கட்டி நின்றது. கீழே மைதானத்தில் என் சைக்கிள் கிளப்பிய புழுதி கிளம்பிய இடத்திலேயே இறங்கியது. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கம்பத்துத் துணியை ஆட்டியது காற்று என்று தானாகவே முடிவு செய்துவிட்டதாக, எங்கள் ஆட்டத்தில் மண் தோண்டும் பாவாடை உங்களிடம் சொல்லியிருக்கிறான்.

என் பெயர் ஜகபர் அலி. நைனாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சேர்ந்தேன். மதியம் ஆள் வராத நேரத்தில் கோட்டைக்குள் போய் ஓட்டிப் பழகினேன். பின்சக்கரத்தில் நிற்பது, ஓட்டிக்கொண்டே முகம் மழிப்பது, கைப்பிடியில் தலைகீழாக நிற்பது. நைனா ஒரு நாள் வந்து பார்த்தார்.

"இத இந்தக் கோட்டைக் கொரங்குகூட செய்யும்டா. அதுக்குக் கூலி ஒரு கை மல்லாட்ட," என்றார். என் வித்தையின் விலை அந்த ஒரு கை வேர்க்கடலைதான் என்று அர்த்தம்.

சர்க்கஸ் கூடாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஓட்டுவதுதான் அவருக்குப் பதில் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வேலைக்குப் போகிறார்கள். நான் எதற்காகப் பிறந்தேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் குறைவு.

எங்கள் ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டமாகக் கயிறு கட்டி, மைக்செட் வைத்து, ஒருவன் ஒரு வாரம் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவான். குளிப்பது, தின்பது எல்லாம் அதன் மேலேயே. கடைசி நாள் ஒருவனைக் குழியில் புதைத்து, பொழுது சாய்ந்ததும் உயிரோடு எடுப்பார்கள். சுற்றுவது நான். குழிக்குள் போவது என் தங்கை ஹபீபாவின் கணவன் சாந்த் பாஷா. மண்ணைத் தள்ளுவதும் தோண்டுவதும் பாவாடை.

குழிக்கு மேல் பலகை, பலகை மேல் பாய், பாய் மேல் மண். உள்ளே இருப்பவன் மணிக்கட்டில் ஒரு கயிறு. அது மண்ணுக்குள் செருகிய மூங்கில் குழாய் வழியாக வெளியே வந்து, கம்பத்தில் தொங்கும் சிவப்புத் துணியில் முடியும். மூச்சு முட்டினால் இழுப்பான், துணி ஆடும், தோண்டி எடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடு. நான்தான் யோசித்தேன்.

அனந்தபுரத்தில் ஆடியபோது பாதியிலேயே துணி அசைந்தது. பாவாடை என்னைக் கேட்காமல் ஓடிப்போய்த் தோண்டிவிட்டான். சாந்த் பாஷா எழுந்து நின்று உடம்பைச் சொறிந்தான். எறும்பு கடித்துவிட்டதாம்.

"டேய், பொணம் சொறியுதுடோய்," என்று எவனோ கத்தினான். ஊரே சிரித்தது. என் ஒரு வார ஓட்டம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

அன்றைக்கு ஒரு விதி போட்டேன். துணி ஆடினாலும் நான் சொன்னால்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். பாவாடை தலையாட்டினான். சாந்த் பாஷாவும் ஒத்துக்கொண்டான். "நீதான் பாத்துக்குவியே மச்சான், எனக்கின்னா," என்றான். யாரையும் நான் ஏமாற்றவில்லை.

செஞ்சியில் ஆடிய அந்த வாரம் விழுப்புரத்தில் ஒரு சர்க்கஸ் முகாம் போட்டிருந்தது. சைக்கிள் ஓட்ட ஆள் தேவை, கடைசி நாள் வந்து பார்க்கிறேன் என்று அதன் மேனேஜர் சொல்லியனுப்பினார். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு மனிதருக்காக.

அன்று காலை ஹபீபா சோற்றுத் தூக்குடன் கயிற்றோரம் வந்தாள். நான் சுற்றிக்கொண்டிருந்ததால் அவள் சுற்றுக்கு ஒரு வாக்கியமாகப் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, இதான் கடைசி."

"அவுரு சிங்கவரம் ரோட்டுல பழக்கட போடப் போறாரு. குழிக்கு வேற ஆளப் பாத்துக்க."

"சரிம்மா," என்றேன்.

"இன்னா சரி? எல்லாத்துக்கும் சரின்னுவ. அப்பறம் உன் இஷ்டத்துக்குத்தான் செய்வ."

மேனேஜர் வந்த பஸ் தாமதம். அதற்குள் சாந்த் பாஷா குழிக்குள் போயிருந்தான். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் கைப்பிடியைப் பற்றித் தலைகீழாக எழும்பினேன். அப்போதுதான் துணி ஆடியது.

அடுத்த சுற்றில் பாவாடை பக்கத்தில் ஓடி வந்தான்.

"அண்ணே, துணி ஆடுதுண்ணே."

"காத்துடா."

"காத்தே இல்லியேண்ணே."

"மேல இருக்கறவன் நானா நீயா? காத்துதான். போய் நில்லு."

அவன் போய் நின்றான். மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

தோண்டச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்னொரு அனந்தபுரம். மேனேஜர் வந்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பார். நான் சாகும்வரை பஞ்சர் ஒட்டியிருப்பேன். ஒரு மகனைப் படிக்கவைக்க நிலத்தை விற்கிறவனை ஊர் மெச்சுகிறது. மற்ற பிள்ளைகள் என்ன தின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரிதாக ஒன்று அமைய வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சாந்த் பாஷா பொறுத்துக்கொள்வான் என்று நம்பினேன்.

துணி வேகமாக ஆடியது. நான் பின்சக்கரத்தில் நின்று காட்டினேன். பிறகு கையை விட்டு, இருக்கையில் ஏறி நின்று சுற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ஓட்டியதில்லை. துணி மெதுவாக ஆடியது. பிறகு நின்றது.

"காத்து அடங்கிடுச்சுண்ணே," என்றான் பாவாடை. அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். பொழுது சாயும்வரை சுற்றி ஆட்டத்தை முடித்தேன். அதன் பிறகுதான் தோண்டச் சொன்னேன்.

அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. போன வாரம் எங்கள் சர்க்கஸ் திண்டிவனத்துக்கு வந்தபோது ஹபீபா கூடாரத்துக்கு வந்தாள். பாவாடை ஜெயிலில் இருப்பதைச் சொன்னாள்.

"காத்துன்னு நெனச்சு நான்தான் விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் அழுவுறான்ணே. கோழி அறுக்கவே பயப்படுவான். அவனா இப்படி முடிவு பண்ணிருப்பான்?"

அவள் கேட்டது சரி. அவனால் முடியாது. அன்றைய ஆட்டத்தில் எதையும் முடிவு செய்யும் தைரியம் அவனுக்கு இல்லை. ஊரில் எல்லோரும் அவன் பெயரைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் நானாக வந்தேன். வருத்தப்பட்டு வந்தேன் என்று எழுத வேண்டாம். அவனை விட்டுவிடுங்கள். முடிவு என்னுடையது. இன்றைக்கும் அதே மேனேஜர் அதே நாற்காலியில் உட்கார்ந்தால், அதையேதான் செய்வேன்.

குழியிலிருந்து தூக்கியபோது சாந்த் பாஷாவின் மணிக்கட்டில் கயிறு தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அதை அவிழ்த்தது நான்தான். அடக்கம் முடிந்த மறுநாள் விழுப்புரம் பஸ் ஏறினேன். மேனேஜர் என்னைச் சேர்த்துக்கொண்டார்.