தானா விட்டவனுக்கு மூணுல ஒண்ணு

"ஹலோ... ஹலோ, ஆபீஸ் ரவிசங்கர் சாரா?... நான்தான் சார், வெல்டர் கார்மேகம். முசஃபாவுலேர்ந்து பேசுறேன்... ஆமா, ஆமா, புஜைரா சைட்டுலேர்ந்து வந்தவன்தான். வேலைய விட்டா வர்ற என் சர்வீஸ் பணம் என்ன சார் ஆச்சு?... மூணுல ஒரு பங்குதானா? ஏன் சார்?... தானா வேலைய விட்டேனா!"

வளைகுடா வெயிலில் தொலைபேசிக் கூண்டுக்குள் அனல் அடித்தது. கார்மேகம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான்.

"சரி சார்... சரி... ராஜினாமாக் கடுதாசியில கையெழுத்துப் போட்டது நான்தான். இல்லைங்கல. ஏன் போட்டேன்னு கேளுங்க... இருங்க சார், சட்டத்த அப்புறம் சொல்லுங்க. வெல்டர்னு கூட்டியாந்துட்டு எண்ணெய்த் தொட்டிக்குள்ள கசடு அள்ள எறக்கி விட்டீங்க. கூட எறங்குன வைரவன் மூச்சடைச்சு விழுந்தான். நான்தான் கயித்தக் கட்டி மேல ஏத்துனேன்... வெயில் மயக்கமா? யாரு, போர்மேன் சொன்னானா?... வாயில நொரை தள்ளுச்சு சார்! வெயிலுக்கு அப்படித் தள்ளுமா?"

வெளியே தன் முறைக்குக் காத்திருந்த பட்டாணிய டிரைவர் ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மறுநாளும் போர்மேன் எறங்குன்னான். மாட்டேன்னேன். அப்ப இதுல கையெழுத்துப் போடுன்னு நீட்டுனான். இதுக்குப் பேரு தானா விடுறதா?... என்னது? கடுதாசிய வாபஸ் வாங்கவா?... இன்னும் இருபது நாள் பாத்தா மூணு வருசம் ஆயிருமா... மூணுல ரெண்டு பங்கு கெடைக்குமா... எங்க வேலை? அதே தொட்டியிலயா?"

போன விடுமுறையில் கார்மேகம் பார்த்துவிட்டு வந்த மனைவி ஜோதிமணிக்கு ஊரில் இது எட்டாம் மாதம். பிரசவச் செலவுக்கு அவன் நம்பியிருந்தது இந்தப் பணத்தைத்தான்.

"மாட்டேன் சார்... பணம் வேணாம்னு எவன் சொன்னான்? லேபர் ஆபீசுக்குப் போறேன்... சாட்சிக்கென்ன, வைரவன் ஆசுபத்திரியில கெடக்கானே... எப்ப?... நேத்தே ஊருக்கு ஏத்தி விட்டுட்டீங்களா! எந்திரிச்சு நடந்தானா சார்?... ஏன் சார் குரலத் தாழ்த்துறீங்க?... டாக்டர் சீட்டா? ஒங்க மேசையிலயா இருக்கு?... வெசவாயுன்னே எழுதியிருக்கா!... ஒரு காப்பி குடுங்க சார். ஒங்க பேரு வெளிய வராது, சத்தியமா... நீங்களும் புள்ளகுட்டிக்காரர்தான், தெரியும் சார்... சார்?... ஹலோ?... ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது.

கார்மேகம் மறுபடி எண்ணை அழுத்தவில்லை. லேபர் ஆபீசுக்கு அரபியில் மனு தட்டச்சு செய்து தரும் கடைக்குப் போய் வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் தட்டச்சுக்காரர் பெயர் என்னவென்று கேட்டார்.

"என் பேரு அப்புறம் பாய்" என்று அரைகுறை இந்தியில் சொன்னான். "மொதல்ல வைரவன் பேரை அடிங்க."