கிழக்கு மேற்கா ஒரு கொமட்

— ஒடைக்கச் செல்லு. இப்பயே மேசன்கிட்ட ஒடைக்கச் செல்லு, ஸுலைஹா.

— என்னத்த? ஸலாம் இல்ல, சுகம் கேக்கல்ல, போன எடுத்த உடன ஒடையாம். பதினொரு வருஷமா மதீனாவுல இரிக்கிற மனிசன்ட பேச்சா இது?

— அஸ்ஸலாமு அலைக்கும். கொமட்ட ஒடைக்கச் செல்லு. மகள் ஷாஹினாட புது ஊட்டுக் கொமட்ட.

— வஅலைக்கும் ஸலாம். சுத்தி வெச்ச சீமெந்து இன்னும் சரியாக் காயல்ல. நாளைக்கு அஸருக்குப் பொறகு மாப்பிள்ள ஊட்டார் ஊடு பாக்க வாறாங்க. இண்டைக்கு ஒடைச்சா அவங்களுக்கு என்னத்தக் காட்டுற? ஓட்டையயா?

— அது கிப்லாவப் பாத்துக்கிட்டிரிக்கி புள்ள! அதுல குந்துறவன் மக்கத்தப் பாத்துக்கிட்டுக் குந்துவான்!

— யாரு அப்பிடி வெக்கச் சென்ன?

— நான்தான்.

— மறுகா என்ன இப்ப?

— ஏசாமக் கேளு. இஞ்ச பள்ளியில ஒரு பயான்ல சென்னாங்க, கக்கூசுக்குப் போனா கிப்லாவுக்கு முகத்தையும் காட்டாதீங்க, முதுகையும் காட்டாதீங்க, கிழக்கு மேற்காக் குந்துங்கெண்டு. எனக்கு நெஞ்சு உருகிப் போச்சு. அண்டைக்கே உனக்குப் போன் எடுத்துச் சென்னன்.

— செல்லல்ல, கத்தினீங்க. ஊருல எல்லாரும் வடக்குத் தெற்கா வெச்சிரிக்காங்க, ஒருத்தனுக்கும் மார்க்கம் தெரியா, நம்முட ஊட்டுலயாச்சும் ஒழுங்கா வை எண்டு. சாய்ந்தமருது முழுக்க ஒரு கொமட்டால திருத்தப் பாத்தீங்க.

— இண்டைக்கு றூமுல சோறு தின்னக்குள்ள அந்த மாவடிப்பள்ளி றிஸ்வான் கேக்கான், காக்கா, மதீனாவுல நாம எந்தப் பக்கம் பாத்துத் தொழுற எண்டு. தெற்கு எண்டன். மக்கம் இஞ்சயிருந்து தெற்கதான. ஊருல எந்தப் பக்கம் எண்டான். மேற்கு எண்டன். வல்லாஹி, சென்ன வாய் மூடல்ல, கையிலிரிந்த சோறு கீழ விழுந்திட்டு.

— சோறாச்சும் விளங்கிக்கிட்டு விழுந்திரிக்கி.

— கிழக்கு மேற்கு எண்டது மதீனாக்காரனுக்குச் சென்ன கணக்குப் புள்ள. அவனுக்குக் கிப்லா தெற்கு, அவன் கிழக்கு மேற்காக் குந்தினாத்தான் சரி. நமக்குக் கிப்லாவே மேற்கு.

— ஓம். இத நம்முட ஆட்டுக்கிட்டக் கேட்டாலும் செல்லும்.

— எல்லாம் பறங்கியால வந்த வினை.

— பறங்கிக்கும் கொமட்டுக்கும் என்ன?

— பறங்கி நம்முட ஆக்கள மேற்குக் கரையிலருந்து விரட்டினத்தாலதான கண்டி ராசா கொண்டு வந்து இந்தக் கிழக்குக் கரையில உட்டார். அங்கயே இரிந்தா கடல் எந்தப் பக்கமோ அதான் கிப்லா. கண்ண மூடிக்கிட்டுச் செல்லலாம். இஞ்ச நாம கடலுக்கு முதுகக் காட்டித் தொழுற. மனிசனுக்குத் திசை குழம்பாம என்ன செய்யும்?

— சின்ன மகள் ஸப்னாட வரலாற்றுப் பொத்தகத்த நானும் பாத்தனான். பறங்கி அலுமாரியத் தந்தான், ஒல்லாந்தன் கக்கூஸ் எண்ட பேரத் தந்தான், வெள்ளக்காரன் கொமட்டத் தந்தான். மூணு பேரும் மாறி மாறி ஆண்டும் ஒருத்தனும் நம்முட கக்கூசத் திருப்பி வெக்கல்ல. நீங்க ஒரு போன் கோல்ல திருப்பினீங்க.

— குத்தாத புள்ள. நாளைக்கு யார் யார் வாற?

— மாப்பிள்ள, மாப்பிள்ளட உம்மா மர்ஷூதா, தாய் மாமன் அப்துல் கபூர் மௌலவி.

— மௌலவியுமா?

— அவர் வராம? மாப்பிள்ள வந்து குடியிரிக்கப் போற ஊடு, மாமன்தான முதல்ல காலெடுத்து வெப்பார். அவருக்குச் சீனி வருத்தம் வேற. ஒரு தேத்தண்ணி குடிச்சா மூணு தரம் போவார். மத்தாக்கள் மண்டபத்தப் பாப்பாங்க, குசினியப் பாப்பாங்க. அவர் நேராக் கக்கூசத்தான் பாப்பார்.

— முடிஞ்சி. அவர் குந்தக்குள்ளயே கண்டுபிடிப்பார். சாறனச் சரியாக் கட்டாம வெளிய வந்து கலியாணம் வேணாமெண்டுவார். ஊரெல்லாம் செல்லுவாங்க, மதீனாவுல இரிக்கிற மசூர்ட மகள்ற ஊட்டுல கொமட் கிப்லாவப் பாக்குதாம் எண்டு. என்ட புள்ளட வாழ்க்க தண்ணிய ஊத்தினாப் போயிரும்.

— புள்ளட வாழ்க்கையில அவ்வளவு கவலையெண்டா கலியாணத்துக்கு வருவீங்கதான?

— நீ அந்தக் கதையத் தொடங்காத. நாளைக்குக் கொம்பனியில ஒப்பம் வெக்கிற. இன்னும் ரெண்டு வருஷம். மாடி முடியட்டும், ஒரேயடியா வாறன். கலியாணத்த வீடியோவுல பாக்கன்.

— வீடியோவுல.

— பதினொரு வருஷமா ஹோட்டல் லிஃப்ட்டுக்குள்ள நிண்டு அடுத்தவன மாடிக்கு ஏத்தி ஏத்தி இறக்குறன். என்ட புள்ளைக்கு ஒரு மாடி வேணாமா? அண்டைக்குச் சுனாமியில கடல் வந்தப்ப உன்ட உம்மா தந்த ஊடு அடிச்சிக்கிட்டுப் போச்சே, ஒரு படி இரிந்திரிந்தா... சரி, அத உடு. மேசன் மதுஷன் பாஸ் பக்கத்துல இரிக்கானா?

— இப்பதான் நாவிதன்வெளியிலருந்து வந்து சைக்கிள நிப்பாட்டுறான். ஸ்பீக்கர்ல போடுறன். கதைங்க.

— மதுஷன் தம்பி!

— சொல்லுங்க மசூர் காக்கா. முதல்லயே சொல்லிப்போடுறன், என்ன பிழை நடந்திருந்தாலும் நான் ஸுலைஹா ராத்தா சொன்னதத்தான் செஞ்சனான்.

— நீ ஒரு பிழையும் செய்யல்ல. அந்தக் கொமட்ட ஒடை.

— ஒடைக்கலாம் காக்கா, எனக்கென்ன, வைக்கிறதுக்கும் கூலி, ஒடைக்கிறதுக்கும் கூலி. ஆனா பிழையா நினைக்காதீங்க, எந்தக் கொமட்ட?

— என்னடா எந்தக் கொமட்ட? மேற்கப் பாத்து இரிக்கிறத!

— மேற்கப் பாத்து இஞ்ச ஒண்டும் இல்லையே காக்கா. ராத்தா, நான் கதைக்கவா, கதைக்காம நிக்கவா?

— நீ போய் மண்ண அரி தம்பி. தேத்தண்ணி அனுப்புறன்.

— ஸுலைஹா.

— ஓம்.

— கொமட் எந்தப் பக்கம் பாக்குது?

— கல்முனைப் பக்கம்.

— அது வடக்கு.

— ஓம். ஊருல மத்தாக்கள்ற கொமட் எல்லாம் பாக்கிற பக்கம்தான்.

— நீ வீடியோவுல காட்டினாயே! இதுதான் மேற்கு எண்டாயே!

— நான் இதுதான் மேற்கு எண்டன், நீங்க மாஷா அல்லாஹ் எண்டீங்க. போனுக்குள்ள எது மேற்கு எது கிழக்கெண்டு எப்பிடித் தெரியும்?

— அப்ப நீ என்ட பேச்சக் கேக்கவேயில்ல.

— நல்லாக் கேட்டன். ஓம் எண்டும் சென்னன். செய்யத்தான் இல்ல.

— அல்ஹம்துலில்லாஹ்! வல்லாஹி, இப்பதான் எனக்கு மூச்சே வருது. புருஷன்ட பேச்சக் கேக்காத பொஞ்சாதியால ஒரு கலியாணம் தப்பிச்சிரிக்கி. றிஸ்வான்கிட்டச் செல்லணும், ராவைக்கு எல்லாருக்கும் புரியாணி.

— சிரிங்க, சிரிங்க. எவ்வளவு நாளாச்சு நீங்க சிரிச்சு.

— நில்லு. வேற என்னத்துக்கெல்லாம் ஓம் எண்டு போட்டுச் செய்யாம உட்டாய்?

— இப்ப ஏன் அது?

— வாசல்ல நடச் சென்ன ஈச்ச மரம்? நான் கண்ணால கண்டன்.

— அது பனை வடலி. தானா முளைச்ச. தூரத்துல நிண்டு எடுத்த வீடியோ.

— கூரையில மதீனாப் பள்ளிட மாதிரி ஒரு பச்சக் குப்பா, அந்தக் கும்மட்டம்?

— தண்ணி டேங்க். மதுஷன் பெயின்ற் அடிச்சான். அவனுக்கும் அதுல நல்ல சந்தோசம்.

— யா அல்லாஹ். மதீனாவக் கொண்டு வந்து ஊட்டுல வெக்கச் சென்னா டேங்க வெச்சிரிக்காய்.

— மதீனாவுல அவங்களுக்கு ஈச்ச மரம் காய்க்கும். இந்த உப்புக் காத்துல தென்னதான் காய்க்கும். ரெண்டு தென்னம்புள்ள நட்டிரிக்கன்.

— மாடி?

— மறுகா கதைப்பம். மதுஷன் சாந்து கேக்கான்.

— ஸுலைஹா, மாடி. நீ போனக் கையில வெச்சிக்கிட்டுப் படியில ஏறினாய். மேல நிண்டு கடலக் காட்டினாய். நான் றூமுல எல்லாருக்கும் காட்டினன். அந்த மாடிக்கு மேல்தட்டுப் போடத்தான நாளைக்கு ஒப்பம் வெக்கப் போறன்?

— அது பக்கத்து வளவு அபுல் ஹஸன் ஹாஜியார்ட மாடி. ஏறவா எண்டு கேட்டுத்தான் ஏறினன். நம்முட ஊட்டுக்கு மாடியே இல்ல.

— இல்லையா?

— இல்ல. கடல் வந்தா அவருட மாடியிலதான் ஏறுவம். அண்டைக்கும் அவருட மதில்லதான ஏறித் தப்பின.

— அப்ப நான் மாடிக்கு அனுப்பின காசெல்லாம்?

— பின்வளவுல நிக்கிது. ரெண்டு அறையும் ஒரு குசினியும். முன்வீடு ஷாஹினாக்குப் போனா நமக்கு எங்க இரிப்பு எண்டு நீங்க ஒருநாளும் கேக்கல்ல, நான்தான் யோசிச்சன். கதவெல்லாம் போட்டாச்சு, கக்கூசுக்குக் கொமட் மட்டும் வெக்கல்ல. மதுஷன் எந்தப் பக்கம் வெக்கிற எண்டு கேக்கான். ஒப்பம் வெக்காம நீங்களே வந்து அதுல நிண்டு, கைய நீட்டிக் காட்டுங்க. இந்தத் தரம் நீங்க காட்டுற பக்கமே வெக்கச் செல்லுறன்.